செஸ் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர்

சின்னவனுக்கு அது செஸ் பாலம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, கூவத்தின்மேல் இருக்கும் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகப் பெயின்ட் அடித்தார்களே, அதிலிருந்து அவன் வேறு பெயரே சொல்வதில்லை. போன மாதம் பீச்சுக்குப் போகும்போது பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. "அம்மா, நேப்பியர்னா செஸ் பிளேயரா?" என்றான்.

"இல்லடா. இங்க கவர்னரா இருந்தவர். வெள்ளைக்காரர்."

"என்ன பண்ணார்?"

"பாலம் கட்டினார்."

"அவ்ளோதானா?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவள், பதினொன்றாம் வகுப்பு, "லாகரிதம் கண்டுபிடிச்சவர் பேரும் நேப்பியர்தாம்மா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான், நான் சொன்னதும் சரிதான், ஆனால் அந்த "அவ்ளோதானா" வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது சென்னையில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், விளக்கை அணைப்பதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொன்னேன். சொன்னதையும், அவர்கள் குறுக்கே கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். அவர் பிரான்சிஸ் நேப்பியர். 1819இல் ஸ்காட்லாந்தின் தெற்கே, எட்ரிக் ஆற்றுப் பக்கம், தர்ல்ஸ்டேன் என்ற ஊரில் பிறந்தார். அந்தக் குடும்பத்தின் முன்னோர்தான் 1614இல் லாகரிதம் அட்டவணையை வெளியிட்ட ஜான் நேப்பியர். அவருடைய மகன்தான் முதல் 'லார்டு நேப்பியர்'. லார்டு என்பது நம் ஊர் ஜமீன் பட்டம் மாதிரி, அப்பாவுக்குப் பிறகு பிள்ளைக்கு வரும். பிரான்சிஸ் அந்த வரிசையில் பத்தாவது ஆள்.

பட்டம் அவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னபோது சின்னவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவைச் சீனாவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் வியாபாரத்தைக் கவனிக்கிற பதவி. போன வருஷமே, 1834இல், காய்ச்சலில், சீனக் கரையோரத்து மக்காவ் நகரத்தில் இறந்துபோனார். பிரான்சிஸுக்கு அப்போது வயது பதினைந்து. பெரியவளைவிடச் சின்னப் பையன், ஒரே நாளில் லார்டு ஆகிவிட்டான். அந்த அப்பாவைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. சீனாவுக்குப் போகும் முன் எட்ரிக்கில் செம்மறி ஆடு வளர்ப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தவர், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். இந்தக் கதையில் ஆடு பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன்.

நடுவில் இருக்கும் முப்பது வருஷத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். தூதரக வேலை. வியன்னா, தெஹ்ரான், கான்ஸ்டான்டிநோபிள், நேப்பிள்ஸ், அப்புறம் அமெரிக்கா, ரஷ்யா, பெர்லின். நாடு நாடாகப் போய்த் தன் அரசாங்கத்துக்காகப் பேசுவது, அங்கே நடப்பதைக் கடிதமாக எழுதி அனுப்புவது. 1866இல் மதராஸ் மாகாணத்துக்குக் கவர்னர். வந்த வருஷமே மாகாணத்தின் வடக்கு மூலையில், கஞ்சம் மாவட்டத்தில் பஞ்சம். மதராஸின் சாக்கடை, குடிநீர் பற்றி அவரும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் கடிதம் எழுதிக்கொண்டார்கள் (ஆமாம், பாடப் புத்தகத்தில் விளக்கோடு நிற்கிற அதே நைட்டிங்கேல்). மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட வைத்தவரும் இவர்தான். இன்று நாம் அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம் என்றால் அதில் இவருக்கும் பங்கு இருக்கிறது. திருவனந்தபுரத்து மியூசியத்துக்கு இவர் பெயர்தான். 1869இல் கூவத்தின்மேல் போட்டது இரும்புப் பாலம். இப்போது நாம் போகிற கான்கிரீட் பாலம் பிறகு வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1872இல் அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபுவை ஒரு கைதி குத்திக் கொன்றபோது, புது வைஸ்ராய் வரும்வரை இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாக இந்தியா முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவரிடம் வந்தது. அது முடிந்து ஊருக்குத் திரும்பியதும் 'பாரன் எட்ரிக்' என்று இன்னொரு பிரபு பட்டம் கொடுத்தார்கள், பிரபுக்கள் சபையில் நிரந்தர இடமும் கிடைத்தது.

இதெல்லாம் முதல் ராத்திரி. சின்னவன் பாதியில் தூங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பதவிப் பட்டியலைக் கேட்டு எந்தப் பிள்ளை விழித்திருக்கும்?

இரண்டாம் ராத்திரி ஆட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் மலை. மேற்கே கடலில் தீவுகள். அங்கே இருந்த ஜனங்கள் பேசியது இங்கிலீஷ் இல்லை, கேலிக் என்ற அவர்களுடைய சொந்த மொழி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையகல நிலம், அதில் ஓட்ஸ், உருளைக்கிழங்கு. ஒன்றிரண்டு மாடு. மேலே இருக்கிற மலை ஊருக்கே பொதுவான மேய்ச்சல் நிலம். அந்தச் சின்ன நிலத்துக்குக் குரோஃப்ட் என்று பெயர், உழுகிறவர் குரோஃப்டர். வீடு அவர்கள் கையால் கல் அடுக்கிக் கட்டியது, ஆனால் அந்தக் கல் நிற்கிற மண் அவர்களுடையது இல்லை. மலை, பள்ளத்தாக்கு, தீவு எல்லாமே ஏதோ ஒரு பிரபுவுக்குச் சொந்தம். இவர்கள் வருஷாவருஷம் குத்தகை கட்டுகிறவர்கள்.

"பட்டா இல்லையா?" என்றாள் பெரியவள். போன வருஷம் தாத்தா நிலத்துப் பட்டாவுக்காக நாங்கள் அலைந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. இல்லை. இந்த இடத்தில் எனக்கே ஒன்று உறைத்தது. நேப்பியர் கவர்னராக இருந்த மதராஸில் பெரும்பாலான இடத்தில் ரயத்துவாரி முறை, அதாவது தீர்வையை ஒழுங்காகக் கட்டுகிற வரைக்கும் பட்டாதாரரை நிலத்திலிருந்து இறக்க முடியாது. அதை வேரூன்றச் செய்த தாமஸ் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரர். தீர்வை கனமானதுதான், அதைக் கட்ட முடியாமல் அழிந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆனாலும் கட்டினவனுக்கு நிலம் நின்றது. ஸ்காட்லாந்தின் மலைப்பக்கத்தில் குத்தகையை ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டியிருந்தாலும், காலி பண்ணு என்றால் காலி பண்ண வேண்டியதுதான்.

அப்படித்தான் சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பிரபுக்களுக்கு ஒரு கணக்குப் புரிந்துவிட்டது: நூறு குடும்பம் தருகிற குத்தகையைவிட, அந்த மலையை மொத்தமாக ஒரு ஆட்டுப் பண்ணைக்காரருக்கு விட்டால் வருமானம் அதிகம். ஊர் ஊராக ஜனங்களை இறக்கினார்கள். சிலரைக் கடற்கரையில் பாறை மண்ணில் குடியமர்த்தி மீன் பிடித்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். பலர் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று வீட்டுக் கூரை மரங்களைப் பிடுங்கினார்கள், கொளுத்தினார்கள். இது ஓரிரு வருஷம் நடந்ததில்லை, தாத்தா காலத்தில் ஆரம்பித்துப் பேரன் காலம்வரை நடந்தது.

1882இல் ஸ்கை தீவில், பிரேஸ் என்ற இடத்தில், ஜனங்கள் பொறுத்தது போதும் என்று நின்றார்கள். பென் லீ என்ற மலை அவர்கள் மேய்ச்சல் நிலமாக இருந்தது, பல வருஷத்துக்கு முன்னால் அதைப் பிடுங்கி வேறொருவருக்கு விட்டுவிட்டார்கள். மலையைக் கொடு, அதுவரை குத்தகை கிடையாது என்றார்கள். நோட்டீஸ் கொண்டுவந்த அமீனாவை அதை அவர் கையாலேயே எரிக்க வைத்தார்கள். உள்ளூர் போலீஸ் போதாது என்று கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஏப்ரல் மாதக் குளிர், விடிகாலை மழை. மலைச்சரிவில் நின்று கல்லெறிந்தவர்களில் பெண்கள் நிறைய. தடியடியில் தலை உடைந்தது, ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம் வேறொரு ஊர்ப் பிரச்சினைக்கு ஸ்கை தீவுக்குப் போர்க்கப்பலே போனது. குத்தகைக்காரனுக்குப் போர்க்கப்பலா என்ற கேள்வி வந்தபிறகு அரசாங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை. 1883 மார்ச்சில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். ஆறு பேர். தலைவர், லார்டு நேப்பியர். அப்போது அவருக்கு வயது 63.

குரோஃப்டர்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருக்க நியாயமும் இல்லை. தலைவரே ஒரு பிரபு, மற்றவர்களிலும் நிலக்காரர்கள் இருந்தார்கள். கேலிக் அவருக்குத் தாய்மொழி இல்லை; ஆறு பேரில் சிலருக்குத்தான் அது சரளம்.

ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள், அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. எடின்பரோவில் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, புகார் இருப்பவர் எழுதி அனுப்பலாம் என்று சொல்லவில்லை. ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். 61 இடங்கள். சர்ச்சில், பள்ளிக்கூடத்தில், எங்கே நாலு பேர் உட்கார முடியுமோ அங்கே. பேசியதை எல்லாம் கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று வரிசை எண் போட்டு எழுதினார்கள். 775 பேர் சாட்சி சொன்னார்கள். கேள்வி எண் 46,750ஐத் தொட்டது. பெரியவள் மொபைலில் வகுத்துப் பார்த்து, "ஆளுக்கு அறுபது கேள்வி" என்றாள்.

நடுவில் கப்பலே மூழ்கியது. ஜூன் மாதம், லூயிஸ் தீவில் ஸ்டார்னோவே ஊருக்குப் பக்கத்தில், கமிஷன்காரர்கள் போய்க்கொண்டிருந்த லைவ்லி என்ற கடற்படைக் கப்பல் பாறையில் மோதியது. எல்லோரும் தப்பித்துவிட்டார்கள், கப்பல் போயே போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் விசாரணையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பவில்லை. இந்த இடத்தில் சின்னவன் எழுந்து உட்கார்ந்தான், மூன்று தடவை சொல்லச் சொன்னான்.

எனக்கு மறக்க முடியாதது முதல் நாள். 1883 மே 8, அதே பிரேஸ் ஊர், ஒரு சர்ச். முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட். வந்து நின்றார், பெயர், ஊர், தொழில் சொன்னார். சரி, உங்கள் குறைகளைச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் சொல்லவில்லை. குறையைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு உறுதி வேண்டும் என்றார். நான் இங்கே உண்மை பேசியதற்காகப் பிரபுவோ அவருடைய ஏஜெண்டோ என்னை நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று சொல்லுங்கள், இதற்கு முன் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன், இல்லையென்றால் வரப்போகிற கெடு நாளில் என் வீட்டில் அடுப்பு எரியாது என்றார். அடுப்பு எரியாது! நம் ஊரில் சொல்கிற அதே சொல்தான். கெடு நாள் என்று அவர் சொன்னது மே மாதம் வருகிற குத்தகைத் தவணை. தலைக்குமேல் நிற்கிறது. ஜனங்கள் படுகிற பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால் பிரபுவும் ஏஜெண்டும் செய்கிற அட்டூழியத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும், பயத்தோடு அதை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

நேப்பியர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? அப்படி ஒரு முழு உறுதியைக் கமிஷனால் தர முடியாது என்றார். உங்களுக்கும் பிரபுவுக்கும் நடுவில் வரும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்றார்.

இதைச் சொன்னபோது பெரியவளுக்குக் கோபம். "அப்புறம் எதுக்கு வந்தாங்க?" என்றாள். முதலில் படித்தபோது எனக்கும் அதே கோபம்தான். ஆனால் திரும்பப் படித்தபோது வேறு மாதிரித் தோன்றியது. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லி, நீ தைரியமாகப் பேசப்பா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆங்கஸும் நம்பிப் பேசியிருப்பார். கப்பல் கிளம்பிய மறுநாள் ஏஜெண்ட் வந்து நின்றால்? நேப்பியர் பொய் சொல்லவில்லை. ஆனால் அத்தோடு அங்கே விடவும் இல்லை. பிரபுவின் ஏஜெண்ட் அந்த சர்ச்சிலேயே இருந்தார். அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். இவர் பேசுவதால் இவருக்கு எந்தத் தொந்தரவும் வராது என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. ஊர் முழுக்கக் கேட்டது, குறிப்பிலும் ஏறியது. அதற்குப் பிறகுதான் ஆங்கஸ் ஸ்டூவர்ட் பேச ஆரம்பித்தார். அன்று தொடங்கியது அந்த வருஷம் முழுக்கத் தீவு தீவாக ஓடியது.

மூன்றாம் ராத்திரி இன்னொரு ஆங்கஸின் கதை. ஜூலையில் கமிஷன் வடகோடியில் பெட்டிஹில் என்ற ஊருக்குப் போனது. அங்கே ஆங்கஸ் மெக்கே என்ற முதியவர் வந்தார். அவர் சொன்னது கிட்டத்தட்ட எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை. ஸ்ட்ராத்நேவர் என்ற பள்ளத்தாக்கைக் காலி செய்தபோது அவருக்கு வயது பதினொன்று. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பிள்ளைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வழியாக வந்த ஒரு பெண், எழுந்திருங்கள், செல்லர் கொளுத்திக்கொண்டிருக்கிறான் என்று சத்தம் போட்டாள். செல்லர் என்பவர் பிரபுவின் ஏஜெண்ட். பயந்து எழுந்த பையன் மூன்று வயதுத் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினான், அக்கரையில் தெரிந்தவர் வீடு இருக்கிறது. நடு ஆற்றில் தண்ணீர் தம்பியின் முதுகுவரை வந்தது. தம்பி அழுது உதறினான். அண்ணன் விழுந்தான். தம்பி கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேரும் அழுகிறார்கள். தன் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வந்த ஒரு ஏழைப் பெண் பார்த்துவிட்டு ஆற்றில் குதித்து இரண்டு பேரையும் வாரிக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

அவ்வளவுதான் அவருடைய சாட்சியத்தில் இந்தப் பகுதி. செல்லர்மேல் வழக்கு நடந்து, 1816இல் இன்வர்னஸ் கோர்ட்டில் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஜனங்களை இறக்கிய அந்த நிலத்தில் ஆட்டுப் பண்ணை போட்டவரும் அவரேதான். அந்தக் காலையை ஒரு பையன் எழுபது வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, ஒரு பிரபு வந்து உட்கார்ந்து கேட்கும்போது சொல்கிறான். அந்தப் பிரபு யார்? செம்மறி ஆட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியவரின் மகன். நேப்பியர் அதைக் கேட்டபோது என்ன நினைத்தாரோ, நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

1884 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சாட்சியங்களோடு சேர்த்து ஐந்து பெரிய தொகுதிகள். பிரபுக்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆர்கைல் கோமகன் கடுமையாகத் தாக்கி எழுதினார், நேப்பியர் பதில் எழுதினார். அறிக்கையில் நேப்பியர் முக்கியமாகச் சொன்னது ஊரைப் பற்றி. தனித்தனிக் குடும்பமாகப் பார்க்காமல் ஊரையே ஒரு அமைப்பாகச் சட்டம் ஏற்கவேண்டும், பொது மேய்ச்சல் நிலத்தை யாரும் பிடுங்க முடியாதபடி செய்யவேண்டும், நிலம் போதாத ஊருக்கு நிலம் கூட்டித் தரவேண்டும் என்றார். மதராஸில் பார்த்த கிராமங்கள்தான் அவரை இப்படி யோசிக்க வைத்தன என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதை நம்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது, பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. வருஷத்துக்கு ஆறு பவுண்டுக்கு மேல் குத்தகை கட்டுகிறவர்களுக்குத்தான் நிலையான குத்தகை என்று அவர் அறிக்கை சொன்னது. அதற்குக் கீழே இருப்பவர்களின் நிலம் ஒரு குடும்பத்துக்குப் போதாது, அவர்கள் வேறு இடம் போகவோ கப்பலேறவோ உதவி செய்யலாம் என்றது. மிகவும் ஏழைகளைத்தான் அது வெளியே நிறுத்தியது.

"அவ்வளவு பேரும் சொன்னதைக் கேட்டுட்டுமா?" என்றாள் பெரியவள்.

ஆமாம், கேட்டுவிட்டும்தான். அவருக்கு வக்காலத்து வாங்க என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் அந்தச் சாட்சியங்கள் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டன. ஆங்கஸ்கள் சொன்னதை இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அதற்குள் ஓட்டுரிமையும் விரிந்தது, 1885 தேர்தலில் குரோஃப்டர்கள் தங்கள் ஆட்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1886இல் வந்த சட்டம் நேப்பியரின் ஊர்த் திட்டத்தையும் எடுக்கவில்லை, அவருடைய ஆறு பவுண்டு கோட்டையும் எடுக்கவில்லை. சின்னக் குரோஃப்டரையும் சேர்த்துக்கொண்டது. குத்தகை கட்டுகிறவரை நிலத்தைவிட்டு இறக்க முடியாது. குத்தகை நியாயமா என்று பார்க்கத் தனி அமைப்பு. நிலத்தைப் பிள்ளைக்கு விட்டுப்போகலாம். பிடுங்கிய பழைய நிலங்களை அது திருப்பித் தரவில்லை, அது பெரிய குறைதான், அதற்காகப் பல வருஷம் சண்டை தொடர்ந்தது. குரோஃப்டர்கள் இன்றும் அந்தத் தீவுகளில் இருக்கிறார்கள்.

நேப்பியர் 1898 டிசம்பரில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் இறந்தார். ஸ்காட்லாந்தில் அந்த விசாரணைக்கு இன்றுவரை நேப்பியர் கமிஷன் என்றுதான் பெயர். சொல்லி முடித்தபோது பெரியவள், "சாட்சி சொன்னது எல்லாம் படிக்கக் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். மொபைலை வாங்கிக்கொண்டு பிரேஸ் பக்கத்தை எடுத்தாள்.

சின்னவன் அவளைப் படிக்க விடவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கிற இடம் அவனுக்கு ஆறாகிவிட்டது. அக்கா முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இப்ப நீ விழணும். நான் அழுவேன். அப்ப ஒரு அம்மா வந்து இழுக்கணும்" என்றான். அவள் விழுந்தாள். இரண்டு பேரும் தரையில் கிடந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து போய் இழுத்தேன்.